திரைப்படத்திலும் கதையிலும் பொருள் தேடத் தொடங்குவோர்க்கு

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பின்னும் எழ மனமில்லாமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்த அனுபவம் பெரும்பாலோர்க்கு ஒரு முறையேனும் வாய்த்திருக்கும். உள்ளே ஏதோ அசைந்திருக்கும். என்னவென்று கேட்டால் "நல்ல படம்" என்பதற்கு மேல் சொல் வராது. மறுநாள் வேலைகளுக்கிடையே அந்த அசைவும் அடங்கிவிடும். அப்படி அடங்கிப்போக விடாமல், ஒரு திரைப்படமோ கதையோ நம் வாழ்வின் பொருளைப் பற்றியும், நாம் எதை நம்பி வாழ்கிறோம் என்பதைப் பற்றியும் நம்மோடு தொடர்ந்து பேச இடம்கொடுக்க விரும்புவோர்க்காக இதை எழுதுகிறேன். திரைப்பட இலக்கணமோ தத்துவப் பயிற்சியோ இதற்குத் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதும், சிறிது பொறுமையும் போதும்.

சைவ சித்தாந்த நூல்கள் ஞானம் கைகூடும் வழியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல் (தெளிந்ததில் ஒன்றி நிலைத்தல்) என நான்காக வகுத்துச் சொல்கின்றன. அங்கே கேட்டல் முதற்படி மட்டுமே. கதைகளைப் பொறுத்தவரை நம்மில் பலர் அந்த முதற்படியிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த அவசரத்தைக் குறைப்பதற்கானவை. எடுத்துக்காட்டாகச் சொல்லும் படங்களின் முடிவும் சில இடங்களில் வெளிப்படும். முடிவு தெரிந்துவிட்டால் தேய்ந்துபோகும் படம் எதையும் நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை என்பதால், தயங்காமல் மேலே படிக்கலாம்.

முதற்படி: உங்களிடம் ஏற்கனவே இருக்கும் காட்சிகள்

புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். இப்போதைக்கு எதையும் பார்க்க வேண்டாம் என்பதே என் விடை. ஒரு தாளை எடுத்து, என்றோ பார்த்த படங்களிலிருந்தும் படித்த அல்லது கேட்ட கதைகளிலிருந்தும், அழைக்காமலே நினைவுக்கு வரும் மூன்று காட்சிகளை எழுதுங்கள். அவை பெரிய படைப்புகளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; பிறரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும் சாதாரணப் படமாகவும் இருக்கலாம். யார் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, வெளிச்சம் எப்படி இருந்தது என்று கண்ணில் நிற்பதை மட்டும் எழுதுங்கள். அது ஏன் நினைவில் தங்கியது என்ற விளக்கத்துக்குள் இப்போது நுழைய வேண்டாம்.

நான் முதன்முதலில் இப்படி எழுதிப் பார்த்தபோது, மூன்று காட்சிகளிலும் யாரோ ஒருவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். மூன்றும் வெவ்வேறு மொழிக் கதைகள்; ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் வரையில், காத்திருத்தல் என் வாழ்வில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கே தெரியாது. உங்கள் தாளில் வேறொன்று இருக்கும். நீங்கள் முதலில் மீண்டும் பார்க்க வேண்டிய படம் அந்த மூன்றில் ஒன்றுதான். பட்டியல்களையும் பரிந்துரைகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒரே அமர்வில், இயல்பான வேகத்தில்

படத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அமர்வில் பாருங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். மடியில் கவிழ்த்து வைப்பது போதாது, ஏனெனில் அது அங்கே இருக்கிறது என்ற நினைவே கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு மாலைக்கு மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள். ஒலி வந்த பிறகு நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற ஓட்டம் திரைப்படத்தில் நிலைபெற்றது. ஒரு முகம் எத்தனை நொடி திரையில் நிற்க வேண்டும் என்பதை இயக்குநரும் படத்தொகுப்பாளரும் அந்த ஓட்டத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி திரைப்படக் கலையைக் காலத்தைச் செதுக்கும் வேலை என்று விளக்கினார். வேகத்தைக் கூட்டினால் கதை நமக்குக் கிடைத்துவிடும். இயக்குநர் செதுக்கிய காலம் கிடைக்காது.

வேற்றுமொழிப் படமானால் வசனத் தமிழாக்கத்தைப் படிப்பதிலேயே கண்கள் கட்டுண்டுவிடும். அதனால், பிடித்த காட்சியை இரண்டாம் முறை பார்க்கும்போது எழுத்துகளை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். படம் முடிந்ததும் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள். விமர்சனம் தேடவோ, யாருக்கும் செய்தி அனுப்பவோ வேண்டாம். முதற்சொல் பிறருடையதாக அமைந்துவிட்டால், உங்களுடைய சொல் பிறப்பதற்கு முன்பே கலைந்துவிடும்.

மூன்றாம் படி: மெய்யில் தோன்றியது என்ன?

இந்தப் படியில்தான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். உணர்ச்சியைப் பற்றிப் பேச நம்மிடம் மிகப் பழமையான, இன்றும் கூர்மழுங்காத ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவதால் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். பத்து நிமிட அமைதி முடிந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, எந்தக் காட்சியில் உங்கள் உடம்பில் என்ன நிகழ்ந்தது என்று எழுதுங்கள்: தொண்டை அடைத்ததா, கை இறுகியதா, மூச்சு நின்று வந்ததா, காரணம் தெரியாமல் புன்னகை வந்ததா. பிறகு அந்த எட்டுப் பெயர்களில் எது அதற்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

தொல்காப்பியர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். இழவு என்பது இழத்தல். அசைவு என்பது முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறாதல். வறுமை நாம் அறிந்ததே. ஒரு படத்தைப் பார்த்து அழுதீர்கள் என்றால், இந்த நான்கில் எதற்காக அழுதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரணக் காட்சியில் வந்த கண்ணீர் இழவுக்காக வந்தது என்று நினைத்திருப்போம். கூர்ந்து பார்த்தால், இறந்தவர் உயிரோடிருந்தபோது யாராலும் மதிக்கப்படவில்லையே என்ற இளிவுக்காக வந்திருக்கும். இரண்டும் வேறு. நம் வாழ்வில் எந்த இடம் இன்னும் ஆறவில்லை என்பதை இந்த வேறுபாடே சுட்டிக் காட்டும்.

மருட்கை என்னும் வியப்புக்கு அவர் சொல்லும் நான்கு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமை இந்த வரிசையில் இருப்பதை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே கடந்து வந்தேன். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1987-இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' என்னும் படம் அதன் பொருளை எனக்குக் காட்டிக்கொடுத்தது. பள்ளிச் சிறுவன் ஒருவன் நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். மறுநாள் அந்த நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் நண்பனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவதாக ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். அடுத்த ஊரில் இருக்கும் நண்பனின் வீட்டைத் தேடி அவன் ஓடுகிறான், பெரியவர்கள் யாரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை, வழிகாட்ட வரும் முதியவரோ மெல்ல மெல்ல நடக்கிறார், வீடு கிடைக்கவில்லை. இரவில் நண்பனின் பாடத்தையும் தானே எழுதிவிடுகிறான். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் அந்த நோட்டின் பக்கத்தைப் புரட்டும்போது, முதியவர் வழியில் கொடுத்த ஒரு சின்னஞ்சிறு பூ தாள்களுக்கிடையே நசுங்கிக் கிடக்கிறது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு பூ அளவே உள்ள அந்தச் சிறுமையின் முன்னால் மூச்சு நிற்பதற்குப் பெயர் மருட்கை. அந்த உணர்வை வழிபாட்டிடங்களில் மட்டுமே எதிர்பார்த்துப் பழகியிருந்த எனக்கு, அது ஒரு பையனின் வீட்டுப்பாடத்திலும் இருக்கலாம் என்பது புதிய அறிவாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நம்மை அழவைப்பதற்கென்றே அமைக்கப்பட்ட இசையும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். அப்போதும் மெய் சிலிர்த்தால் அது அந்த மனிதர்களால் நிகழ்ந்தது. சிலிர்க்கவில்லை என்றால் வயலின்களால் நிகழ்ந்தது. இசையால் நெகிழ்வதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அதன்மேல் வாழ்க்கை முடிவுகளைக் கட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

நான்காம் படி: பொருள்களைப் பாருங்கள்

"இந்தப் படம் சொல்லும் நீதி என்ன?" என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, "இந்தப் படத்தில் எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?" என்று கேளுங்கள். சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நண்டும் நாரையும் நீர்நிலையும் காட்டப்படும். சொல்லப்படாத மனம் அவற்றுக்குள் உள்ளுறையாக இருக்கும். திரைப்படமும் இவ்வகையில் அகப்பாடலுக்கு நெருங்கிய உறவு. கேமராவால் மனத்தைப் படம் பிடிக்க முடியாது; ஒரு கிண்ணத்தையும் கதவையும் காலணியையும்தான் பிடிக்க முடியும்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. அதில் சிறுமி துர்காவின்மேல், அண்டை வீட்டாரின் பாசிமாலையைத் திருடிவிட்டாள் என்ற பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள், தாயிடம் அடியும் வாங்குகிறாள். பின்னர் மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, இறந்தும் போகிறாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் நாளில், தம்பி அப்பு உயரத்தில் இருந்த ஒரு சிரட்டையை எடுக்கிறான். அதற்குள்ளிருந்து ஒரு சிலந்தி வெளியேறுகிறது. அடியில் அந்த மாலை இருக்கிறது. அவன் யாரிடமும் சொல்வதில்லை. குளக்கரைக்கு ஓடிப்போய் அதை நீரில் எறிகிறான். பாசி விலகி ஒரு கருந்துளை தெரிகிறது. பிறகு, அவசரமே இல்லாமல், பாசி திரும்ப வந்து அதை மூடிக்கொள்கிறது.

இந்தக் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. முதல் முறை பார்த்தபோது, அவள் எடுத்தது உண்மைதான் என்ற செய்தி மட்டுமே எனக்குக் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது என் கண்கள் தம்பியின்மேல் நின்றன: அக்காளின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட அந்தக் கணத்தில் அவனுடைய சிறுபிள்ளைப் பருவம் முடிந்துபோகிறது. அண்மையில் பார்த்தபோது குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றத்தையும் துயரத்தையும் ஒருசேர வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொள்கிறதே, அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கலாமா என்று என் குறிப்பேட்டில் எழுதி, கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன். இந்த மூன்றில் எது சரியான அர்த்தம் என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது. மாலை அதே மாலைதான். அதைப் பார்க்க வந்தவர்தான் ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.

உங்கள் குறிப்பேட்டில் ஒரு படத்துக்கு ஒரு பொருளை மட்டும் எழுதுங்கள். அது எங்கே முதலில் வந்தது, இறுதியில் எங்கே கிடந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

ஐந்தாம் படி: கதைக்குள் உங்கள் நாற்காலி எது?

கதை கேட்கும்போது நாம் இயல்பாகவே நல்லவனின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அதை மாற்றிப் பார்ப்பதற்கு, விவிலியத்தின் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தாவீது அரசன் தன் படைவீரன் ஒருவனின் மனைவியைக் கவர்ந்து, அந்த வீரனைப் போர்முனையில் சாகவும் விட்டான். அவனிடம் நாத்தான் என்னும் இறைவாக்கினர் வருகிறார். குற்றம் சாட்டவில்லை, ஒரு கதை சொல்கிறார். ஏராளமான ஆடுமாடுகள் உடைய செல்வன் ஒருவன். ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி உடைய ஏழை ஒருவன். அக்குட்டி ஏழையின் உணவில் உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கியது. தன்னிடம் வந்த விருந்தாளிக்குச் சமைக்கச் செல்வன் தன் ஆடுகளை விட்டுவிட்டு அந்த ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்த தாவீது கொதித்தெழுந்து, அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்கிறான். "நீயே அந்த மனிதன்" என்கிறார் நாத்தான்.

கதை ஏன் அறிவுரையைவிட ஆழமாக இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அறிவுரை வரும்போது நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கதை வரும்போது நாமே திறந்துவிட்டு உள்ளே அழைக்கிறோம். ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், அதில் நீங்கள் மிகவும் வெறுத்த பாத்திரத்தை எடுத்து, அவரிடம் இருக்கும் எந்த ஒன்று உங்களிடமும் சிறிய அளவில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். இந்த ஒரு வரி எனக்கு எப்போதும் கடினமாகவே இருக்கிறது. அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பது சற்று ஆறுதல்.

ஆறாம் படி: நம்பிக்கையைத் திரையில் தேடும்போது

இறைநம்பிக்கை உடையவர்கள், கடவுளின் பெயர் உச்சரிக்கப்படும் படங்களில்தான் தமக்கு ஏதேனும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வது உண்டு. நம்பிக்கை இல்லாதவர்களோ அத்தகைய படங்களில் தமக்கு ஒன்றும் இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். இரண்டு எண்ணங்களும் தேடலைச் சுருக்கிவிடும். திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் சமயம், விழுமியம், கலை என்னும் மூன்று தலைப்புகளில் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயப் பிரிவில் இத்தாலிய இயக்குநர் பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் எடுத்த மத்தேயு நற்செய்திப் படமும் இடம்பெற்றது. பசோலினி மார்க்சியர், தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். நடிகர் அல்லாதவர்களை நடிக்க வைத்து, இயேசுவின் தாயான முதிய மரியாளாகத் தம் தாயையே நிறுத்தி அந்தப் படத்தை எடுத்தார். படைத்தவரின் நம்பிக்கைச் சான்றிதழைக் கேட்டுவிட்டுப் பார்க்க உட்கார வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஐயம் சூழ்ந்த காலத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் படங்களைவிட ஐயத்தை மறைக்காத படங்களே துணையாகின்றன என்பது என் அனுபவம். லுத்தரன் என்னும் கிறிஸ்தவச் சபையின் போதகருக்கு மகனான ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் 1963-இல் எடுத்த 'குளிர்கால ஒளி' என்னும் படத்தில், போதகர் ஒருவர் தம் நம்பிக்கை வற்றிவிட்டதை உணர்கிறார். அச்சத்தோடு தம்மிடம் வந்த மீனவனுக்கு ஆறுதல் சொல்லவும் அவரால் முடியவில்லை. அந்த மனிதன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மாலையில், ஏறத்தாழ ஆளே இல்லாத தேவாலயத்தில், அவர் வழிபாட்டைத் தொடங்குவதோடு படம் முடிகிறது. அது பழக்கத்தின் வெறுமையா, எல்லாம் போன பிறகும் எஞ்சிய பற்றா என்பதைப் படம் சொல்வதில்லை. நான் நம்பிக்கை உள்ளவன்; அது இரண்டாவதுதான் என்று கருதுகிறேன். முதலாவதே சரி என்பவரோடும் இந்தப் படத்தைப் பற்றி நீண்ட நேரம் பேச முடிந்திருக்கிறது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் போலந்து இயக்குநர் கிறிஸ்தோப் கீஸ்லோவ்ஸ்கியின் 'டெக்கலாக்' வரிசையிலிருந்து தொடங்கலாம். விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை நினைவில் வைத்து, 1980-களின் இறுதியில் போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் பத்துப் படங்கள் அவை. கீஸ்லோவ்ஸ்கியோடு சேர்ந்து கதை எழுதியவர் ஒரு வழக்கறிஞர். அதனாலோ என்னவோ, கட்டளை எங்கும் போதனையாக வருவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் சாதாரண மனிதர்கள் முடிவெடுக்க இயலாமல் நிற்கும் இடங்களாகவே அது வருகிறது.

ஒரு படம் உங்கள் நம்பிக்கைக்குச் சான்றாகாது. அதைப் பொய்யாக்கவும் ஆகாது. உண்மைக் கதை என்று தொடக்கத்தில் எழுத்துப் போடப்பட்டிருந்தாலும், நிகழ்ந்ததில் எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று பின்னர் தேடிப் பார்த்த பிறகே அதைப் பிறருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். மேலும், ஆறாத துயரம் உள்ளவர்கள் அத்துயரத்தையே தொடும் படத்தைத் தனியாகப் பார்க்க வேண்டாம். பாரம் தாங்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். படம் காத்திருக்கும்.

ஏழாம் படி: வாயால் சொல்லிப் பாருங்கள்

பார்த்த படத்தையோ படித்த கதையையோ, அதைப் பார்க்காத ஒருவருக்கு நினைவிலிருந்து சொல்லுங்கள். கருத்துச் சொல்ல வேண்டாம். கதையை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் நீட்டிச் சொல்லும் இடமும் அறியாமல் விட்டுவிடும் இடமும் உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மகன் கதையை நான் பல முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொத்தைப் பிரித்துக்கொண்டு போன இளையவன், பஞ்சம், பன்றிகள், திரும்பி வருதல், தொலைவிலேயே கண்டு ஓடிவரும் தந்தை, விருந்து என்று அங்கே முடித்துவிடுவேன். ஒரு முறை, கதையை வேறெங்கோ கேட்டிருந்த ஒரு சிறுமி, "அண்ணன் உள்ளே போனானா?" என்று கேட்டாள். வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்தவன், விருந்தின் ஓசை கேட்டுச் சினந்து வெளியிலேயே நின்றுவிட்டதும், தந்தை வெளியே வந்து அவனை வருந்தி அழைப்பதும் கதையின் பின்பாதி. அவன் உள்ளே போனானா இல்லையா என்பதைக் கதை சொல்வதே இல்லை. அந்தப் பாதியை நான் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டிருக்கிறேன். வீட்டில் மூத்தவனாகப் பிறந்து, போகாமல் இருந்தவன் நான் என்பதை அன்று இரவுதான் அதோடு சேர்த்து நினைத்தேன்.

இருவர் மூவராகச் சேர்ந்து பேசுவதானால் ஒரேயொரு விதி போதும்: முதல் சுற்றில் எல்லாரும் ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும், பிடித்தது, பிடிக்கவில்லை என்பது அடுத்த சுற்றுக்கு.

எட்டாம் படி: மறுநாள் காலை

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'இகிரு' 1952-இல் வந்தது. அப்பெயருக்கு வாழ்தல் என்று பொருள். நகராட்சி அலுவலகத்தில் பல ஆண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்தியே காலம் கழித்த வத்தனபே என்னும் பிரிவுத் தலைவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவருகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்து திரிந்த பின், பெண்கள் சிலர் மனுக் கொடுத்தும் ஒவ்வொரு பிரிவாக அலைக்கழிக்கப்பட்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறார்: கழிவுநீர் தேங்கிக் கிடந்த இடத்தைச் சிறுவர் பூங்காவாக மாற்றுவது. அவர் அதைத் தொடங்கியதுமே குரோசவா காலத்தைத் தாண்டிவிடுகிறார். அடுத்து நாம் பார்ப்பது அவருடைய இறப்புக்குப் பின் நடக்கும் துக்கக் கூட்டம். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை உடன் பணிபுரிந்தவர்கள் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்க்கிறார்கள். பனி பெய்த இரவில் அவர் பூங்காவின் ஊஞ்சலில் அமர்ந்து மகிழ்ச்சியோடு பாடிக்கொண்டிருந்ததைக் கண்ட காவலர் ஒருவரும் வந்து சொல்கிறார். எல்லாரும் அழுகிறார்கள், இனி நாமும் அவரைப் போல் வாழ்வோம் என்று சூளுரைக்கிறார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு மனு வருகிறது. புதிய பிரிவுத் தலைவர் அதை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே ஒருவன் மட்டும் சினந்து எழுந்து நிற்கிறான். யாரும் அசையாததைக் கண்டு மெல்ல உட்காருகிறான். கோப்புக் குவியலுக்குப் பின்னே அவன் முகம் மறைந்துபோகிறது.

இந்தத் துக்கக் கூட்டத்தில் இருப்பவர்கள் பார்வையாளர்களாகிய நாம்தான் என்று நான் நினைக்கிறேன். ஊஞ்சல் காட்சியில் அழுவது எளிது. குரோசவா அதற்குப் பிறகு இந்த அலுவலகக் காட்சியை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் வரும் ஊக்கம் இரவு முடிவதற்குள் ஆவியாகிவிடக் கூடியது. அதைப் பெரிய உறுதிமொழியாக மாற்ற முயன்றால் இன்னும் விரைவில் ஆவியாகும். ஆகவே, படம் பார்த்த இரவிலேயே, மறுநாள் காலையில் அரை மணி நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் படுங்கள். அது அந்தப் படத்தோடு தொடர்புடையதாகவும், குறிப்பிட்ட ஒரு மனிதரைச் சென்று சேர்வதாகவும் இருக்க வேண்டும். இரக்கமுள்ளவனாக இருப்பேன் என்று எழுதுவது பயன்படாது. 'இகிரு'வை இரண்டாம் முறை பார்த்த இரவில் நான் எழுதியது, நான்கு மாதங்களாகப் பதில் எழுதாமல் வைத்திருந்த ஒரு முதிய ஆசிரியரின் கடிதத்துக்குப் பதில் எழுதுவது. காலையில் மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை எழுதி அஞ்சலில் சேர்த்தேன். அதற்கு இருபது நிமிடம்தான் ஆயிற்று.

ஆக, ஒரு படத்துக்கு உங்கள் குறிப்பேட்டில் ஒரு பக்கமும் அதில் மூன்று பகுதிகளும் இருந்தால் போதுமானது. மேலே மெய்ப்பாடும் அது தோன்றிய காட்சியும். நடுவில் கண்ணில் நின்ற பொருளும், வெறுத்த பாத்திரத்தைப் பற்றிய அந்த ஒரு வரியும். கீழே மறுநாள் செய்ய வேண்டியது. செய்ய நினைத்ததை எழுதிய இடத்துக்கு எதிரில், செய்து முடித்த பிறகு நாளைக் குறியுங்கள். ஓராண்டு கழித்து அந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, எந்தப் படத்தை மீண்டும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். என் குறிப்பேட்டில் நாள் குறிக்கப்படாத பக்கங்களே மிகுதி. அந்தப் படங்களைத்தான் நான் மீண்டும் பார்ப்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.